செயல்திறன் என்றால், எதில்?

2024 அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட ‘ஆரோ லேக்’ மேசைக்கணினி ப்ராசஸர்கள், கணினி விளையாட்டுகளில் தமக்கு முந்தைய தலைமுறையையே வெல்லத் தவறின. (‘செயலி’ என்ற சொல்லைக் கைப்பேசி ஆப் எடுத்துக்கொண்டுவிட்டதால், இங்கே ப்ராசஸர் என்றே எழுதுகிறேன்.) இது தோல்வி என்பதில் ஐயமில்லை. ஆனால் எதில் தோல்வி, ஏன் தோல்வி என்று கேளாமல் ‘மோசமான ப்ராசஸர்’ என்று முத்திரை குத்துவது, ‘புதியது, ஆகவே சிறந்தது’ என்னும் விளம்பரத்தின் அதே பிழையைத் தலைகீழாகச் செய்வதே.

அவ்வரிசையின் உச்சத்தில் இருப்பது கோர் அல்ட்ரா 9 285கே. 24 கோர்கள், அறிமுக விலை 589 டாலர். மின்சாரத்தை வாரிக் குடித்த முன்னோடியான 14900கே-யைவிடக் குறைந்த மின்சாரத்தில், முப்பரிமாண உருவாக்கம் போன்ற பணிகளை அது பெரும்பாலும் விரைந்து முடித்தது. விளையாட்டிலோ சராசரியாகச் சற்றுப் பின்தங்கியது. இரண்டே வாரங்களில், நவம்பர் 7 அன்று, ஏஎம்டி 479 டாலருக்கு ரைசன் 7 9800எக்ஸ்3டி-யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எட்டே கோர்கள். விளையாட்டில் 285கே அதன் அருகில்கூட நெருங்க முடியவில்லை.

கோர்களின் எண்ணிக்கை இதை விளக்காது. நினைவகத்துக்கான தொலைவுதான் பெரிதும் விளக்குகிறது. ஓர் அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறோம், அது ‘காண்க’ என்று இன்னொரு சொல்லுக்கு அனுப்புகிறது, அதுவோ மூன்றாவதற்கு. முதற்பதிவைப் படிக்காமல் இரண்டாவது எது என்றே தெரியாது. எனவே இருபத்து நான்கு பேர் கூடித் தேடினாலும் பயனில்லை. விளையாட்டின் மைய ஓட்டத்தில் பெரும்பகுதி இத்தகையது: எதிரி எங்கே, குண்டு எதில் பட்டது, எதைத் திரையில் வரைய வேண்டும் என ஒன்றன் விடை மற்றொன்றின் வினாவாகிறது. நொடிக்கு 240 சட்டகங்கள் வேண்டுமெனில், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 4 மில்லிநொடி. அதற்குள் ரேமுக்குப் போய்வரும் ஒவ்வொரு பயணமும் இழப்பு.

14900கே-யில் கோர்களும் நினைவகக் கட்டுப்படுத்தியும் ஒரே சிலிக்கான் துண்டில் இருந்தன. ஆரோ லேக்கில் ப்ராசஸர் பல டைல்களாகப் பிரிக்கப்பட்டது. கோர்கள் ஒரு டைலில், நினைவகக் கட்டுப்படுத்தி வேறொரு டைலில். படிக்கும் கூடத்திலிருந்த அலமாரியைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றியது போல. ஏஎம்டி செய்தது நேர்மாறு: அலமாரியைப் பெரிதாக்கி மேசைக்கே கொண்டுவந்தது. 285கே-யின் மூன்றாம் நிலைக் கேஷ் 36 எம்பி. 9800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. டிசம்பரில் இன்டெல் பயாஸ், விண்டோஸ் அமைப்புகளில் இருந்த குறைகளைப் பட்டியலிட்டுத் திருத்தங்களை வெளியிட்டது. சிறிது பயன் கிடைத்தது. டைல்களுக்கு இடையிலான தொலைவை மென்பொருளால் அழிக்க முடியாது.

ஆயினும் இந்த ஒப்பீடுகள் எப்படி நடக்கின்றன என்பதும் கவனத்துக்குரியது. மிக விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தி, திரைத் துல்லியத்தை 1080பி-க்குக் குறைத்து அளக்கிறார்கள். ப்ராசஸரின் வேறுபாட்டை வெளிக்கொணர அதுவே சரியான முறை. நடுத்தரக் கார்டோடு 4கே திரையில் ஆடுபவருக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் தென்படாது. முறை சரி, அதன் முடிவை எல்லாருக்கும் பொதுவாக்குவதுதான் தவறு.

தமிழில் ‘திறமையானவர்’ என்றால் ‘எதில்?’ என்ற கேள்வி இயல்பாக எழுகிறது; ஏழாம் வேற்றுமை அங்கே வந்துதான் ஆக வேண்டும். விளம்பரங்களும், நம் துறைகளின் கொள்முதல் முன்மொழிவுகளும் அந்த ‘இல்’ உருபை விட்டுவிடுகின்றன. ‘சமீபத்திய தலைமுறை, உயர் செயல்திறன்’ என்று எழுதினால் கோப்பு நகர்ந்துவிடுகிறது. ‘தலைமுறை’ என்ற உருவகமும் இதற்குத் துணைபோகிறது: பிள்ளை தந்தையை எல்லாவற்றிலும் விஞ்ச வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அது நம் கேள்வியின்றியே உள்ளே கொண்டுவருகிறது.

மொழி, சமூக அறிவியல் துறைகளில் யூஜிசி-யின் இளநிலை ஆய்வு நல்கை பெறுபவருக்கு, முதல் இரண்டாண்டுகளில் இதரச் செலவுத் தொகை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 589 டாலர் என்பது அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 49,500 ரூபாய், வரி நீங்கலாக. ஆரோ லேக்குக்குப் புதிய சாக்கெட் உடைய மதர்போர்டு வேண்டும். பழைய டிடிஆர்4 ரேமும் பயன்படாது. சொந்தக் கைக்காசைப் போட்டு வாங்கும் மாணவர், விளையாட்டு விமர்சனத்தின் ஒற்றை வரைபடத்தைப் பார்த்து இதை ஒதுக்கவும் கூடாது. ‘அல்ட்ரா’ என்ற பெயரைப் பார்த்து வாங்கவும் கூடாது. தனித்தனிக் கோப்புகளாகப் பிரிந்த பெரிய தரவகத்தைச் சொல் சொல்லாகப் பிரிப்பவருக்கு 24 கோர்கள் உண்மையிலேயே உழைக்கும். மாலையில் விளையாடவும் வேண்டுமென்றால் 9800எக்ஸ்3டி. கட்டுரை எழுதிப் பிடிஎஃப் படிப்பதுதான் வேலையென்றால் இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல திரையும் கூடுதல் ரேமும் வாங்கலாம்.