முற்பணம் யாருடைய பணம்?

எங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் கடந்த மாதம் என் மேசைக்கு வந்து நெடுநேரம் தயங்கி நின்றார். விடயம் இதுதான். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் இரண்டு ஆண்டுகள் மனைவி, குழந்தையுடன் வாடகைக்கு இருந்தார். மாத வாடகை 50,000 ரூபா. முற்பணம் ஆறு மாத வாடகை, அதாவது மூன்று இலட்சம். ஒரு மாதத்திற்கு முன்பே அறிவித்து, மின்சாரக் கட்டணமும் நீர்க் கட்டணமும் செலுத்தி, பற்றுச்சீட்டுகளோடு திறப்பைக் கையளித்தார். முற்பணம் திரும்பி வரவில்லை. பெயின்ற் அடிக்கும் செலவு 90,000, குளியலறைத் திருத்தம் 40,000, மிகுதி "புதிய ஆட்கள் வந்த பிறகு" என்பது பதில். வீட்டுக்காரர் இலண்டனில் இருக்கிறார். பதிலைச் சொன்னவர் இங்கே திறப்பை வைத்திருக்கும் அவரது உறவினர்.

"அண்ணை, இதைப் பற்றிப் பேப்பரில எழுத ஏலாதா?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரரின் பெயரோடு எழுதினால் உமக்கு இந்த ஊரில் அடுத்த வீடு கிடையாது" என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. முப்பது வருடங்களாகச் செய்தி எழுதும் ஒருவன் சொல்லும் பதிலா அது? ஆகவே பெயர்களை விட்டு, விடயத்தை இங்கே எழுதுகிறேன்.

இது எனக்குப் புதிய கதை அல்ல. 1998இல் நானும் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் குடியிருந்தேன். ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டபோது, "நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு இடம் பாரும்" என்றார் வீட்டுக்காரர். அவரும் தமிழர்தான். அன்று கொழும்பில் ஒரு தமிழனின் நிலை என்ன என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். பொலிஸ் பதிவுப் பத்திரத்தில் வீட்டுக்காரரின் கையொப்பம் இருந்தால்தான் நாம் இந்நகரில் வசிப்பவர்கள். இல்லாவிட்டால் சந்தேக நபர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதிக்க வேண்டியிருந்தது. அத்தகைய ஒரு நகரில், கையொப்பமிடும் மனிதரோடு முற்பணத்துக்காக யார் வழக்காடுவார்? நான் வாதாடவில்லை. அனெக்ஸை விட்டு வெளியேறியபோது பாதிப் பணத்தை விட்டுவிட்டு வந்தேன்.

போர் 2009இல் முடிந்தது. பதிவுப் பத்திரமும் காலப்போக்கில் மறைந்தது. ஆனால் அந்த மௌனம் மட்டும் வாடகைக்கு இருப்போரிடம் வழக்கமாக நிலைத்துவிட்டது. அந்த மௌனத்தின் மீதுதான் முற்பண வியாபாரம் இன்றும் நடக்கிறது.

வீட்டுக்காரர்களின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அவர்களில் பலரை வாட்டியது உண்மை. அற்ப வாடகையைச் செலுத்திக்கொண்டு தலைமுறை தலைமுறையாக எழும்ப மறுத்த குடியிருப்பாளர்கள் இருந்தார்கள். சொந்த வீட்டைத் திரும்பப் பெற இருபது வருடம் நீதிமன்றப் படியேறியவர்களை நானே அறிவேன். 'கீமணி' என்ற பழக்கம் தழைத்ததற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

ஆனால் அந்தச் சட்டத்தின் பிடி 1980, 2002 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களால் பெருமளவு தளர்ந்துவிட்டது. இன்று புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவை அதன் எல்லைக்கு வெளியே உள்ளன. குடியிருப்பாளரை எழுப்ப முடியாது என்ற அச்சத்துக்கும் 2023இல் பரிகாரம் கிடைத்தது. குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை விரைவாக மீளப் பெறுவதற்கென்றே அவ்வாண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நல்லது. வீடு வீட்டுக்காரருக்குச் சொந்தம். அது அவருக்குத் திரும்பிச் சேரத்தான் வேண்டும்.

அப்படியானால் முற்பணம் யாருக்குச் சொந்தம்? அது குடியிருப்பாளரின் பணம். வீட்டுக்காரர் அதற்குக் காவலாளி மட்டுமே. வீட்டை மீட்க விரைவான வழி அமைத்த பாராளுமன்றம், முற்பணத்தை மீட்க அப்படி ஒரு வழியை அமைக்கவில்லை. இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது என்று விதித்ததும் அதே 1972ஆம் ஆண்டுச் சட்டம்தான். வீடுகள் அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்டபோது அந்த உச்சவரம்பும் சேர்ந்தே போய்விட்டது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று இன்று கேட்பவர்களைத் தடுக்க எதுவுமில்லை.

கடதாசியின் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். முத்திரை வரிக்கும் வருமான வரிக்கும் பயந்து அதைத் தவிர்க்கும் வீட்டுக்காரர்கள் ஏராளம். எழுத்தில் எதுவும் இல்லாதபோது, சுவரிலிருந்த கறை யாருடையது என்பதைத் தீர்மானிப்பது யார்? பணம் யார் கையில் இருக்கிறதோ அவரே. வழக்காளியும் அவர், நீதிபதியும் அவர்.

இரண்டு வருடம் மனிதர் வாழ்ந்த வீட்டில் பெயின்ற் மங்கும். குழாயின் வாசர் தேயும். சாதாரண பாவனையால் வரும் தேய்வுக்குக் குடியிருப்பாளர் பொறுப்பல்ல என்பது இந்த நாட்டின் ரோமன் டச்சுச் சட்டம் நீண்டகாலமாக ஏற்றுக்கொண்ட கோட்பாடு. மாதந்தோறும் வாங்கிய வாடகை அந்தத் தேய்வுக்கும் சேர்த்துத்தான்.

முழுப் பணமும் திரும்பினாலும் நட்டம் குடியிருப்பாளருக்கே. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. அதற்கு முன் கொடுத்த மூன்று இலட்சம் அதன் பின் மூன்று இலட்சமாகவே திரும்பியபோது, அதன் பெறுமதியில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அந்தப் பணத்துக்கு வட்டி கொடுத்த வீட்டுக்காரர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

இனிப் புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளில் பல உங்களுடையவை. நீங்கள் வாழும் நாடுகளில் இந்த விடயம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் முற்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் சேர்க்க வேண்டும். இன்றைய விதியின்படி 30 நாட்களுக்குள். தவறினால் முற்பணத்தின் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் செலுத்த வைக்கலாம். ஒன்ராறியோவில் சேதத்துக்கென முற்பணம் வாங்கவே முடியாது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டியே வாங்கலாம். அதற்கும் வருடாந்தம் வட்டி கொடுக்க வேண்டும். சிட்னியில் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது. அந்தப் பணமும் அரச நிறுவனத்திடம் போகிறது. அங்கே குடியிருப்பாளராக இந்த உரிமைகளை அனுபவித்தவர்களில் சிலர், இங்கே வீட்டுக்காரராகும்போது அவற்றை மறந்துவிடுகிறார்கள். இலண்டனில் ஒரு நீதி, வெள்ளவத்தையில் ஒரு நீதியா?

மின்சாரக் கட்டணத்தை நிலுவையில் விட்டு ஓடுபவர்களும், கதவை உடைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அத்தகையவர்களிடமிருந்து வீட்டுக்காரரைக் காப்பதும் இதே ஒழுங்குதான். மூன்று மாதத்துக்கு மேற்படாத முற்பணம். அதற்குப் பற்றுச்சீட்டு. திறப்பு கைமாறும்போது இருவரும் கையொப்பமிட்ட பட்டியலும் புகைப்படங்களும். பணம் மூன்றாம் தரப்பொன்றின் பொறுப்பில். வெளியேறி ஒரு மாதத்துக்குள் மீளளிப்பு. கழிவு இருந்தால் பில்லோடு. இவற்றைச் சட்டமாக்குவது கடினமான காரியம் அல்ல. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. பற்றுச்சீட்டுக்கும் பட்டியலுக்கும் வேண்டியது ஒரு தாளும் ஒரு பேனாவும் மட்டுமே.

அந்த இளைஞர் இப்போது அடுத்த வீட்டு முற்பணத்துக்காக மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். அவருடைய மூன்று இலட்சத்துக்கு வட்டி இல்லை. அடகு வைத்த சங்கிலிக்கு மாதாமாதம் வட்டி ஓடுகிறது. இணக்க சபைக்குப் போகும்படி இம்முறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போவேன். 1998இல் அந்த அனெக்ஸில் கேட்டுப் பெறத் தவறிய பற்றுச்சீட்டை இப்போதாவது கேட்கப் போகிறேன்.