வாசகரின் முறைப்பாடு பிடிவாதம் அல்ல

"நாவலைப் படமாக்கினால் அதை வாசித்தவர்கள் குறை சொல்லத்தான் செய்வார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை" என்ற பேச்சு இப்போது தீர்ப்புப் போல நிலைத்துவிட்டது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதையே கேட்டோம். இதற்குச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதாக எனக்குத் தெரியவில்லை.

"புத்தகம் வேறு, படம் வேறு" என்பது முதல் நியாயம். இதை யார் மறுத்தார்கள்? எழுதியவரே ஒப்புக்கொண்ட சம்பவம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' கதைகள் தீவுகளும் மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் நிறைந்தவை. முதல் நாவல் 1968இல் வெளிவந்தது. ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் 2006இல் அவற்றை அனிமேஷன் படமாக்கியது. இயக்கியவர் அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாக்கியின் மகன் கோரோ. அதுதான் அவருடைய முதற்படம். படத்தைப் பார்த்த லெ குவின், இது என் புத்தகம் அல்ல, உங்கள் படம், நல்ல படம் என்ற பொருளில் கோரோவிடம் பெருந்தன்மையாகவே சொன்னார். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. தன் மனக்குறையைப் பின்னர் பகிரங்கமாக எழுதினார். படத்தின் தொடக்கத்தில் இளவரசன் அரென் தன் தந்தையைக் கொல்கிறான். நாவல்களில் அப்படி எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. முதல் நாவலில் கெட் என்ற இளம் மந்திரவாதியைத் துரத்தும் நிழல், கடைசியில் அவனுடையதாகவே இருக்கும். தீமை மனிதனுக்குள்ளேயே குடியிருக்கிறது என்பதுதான் அந்தக் கதைகளின் உயிர். படமோ எல்லாத் தீமையையும் ஒரு வில்லனின் தலையில் கட்டி, அவனை அழித்ததும் கணக்கு முடிந்தது என்கிறது. அந்தக் கதைகளை வாசித்து வளர்ந்தவர்கள் வருந்தியதும் இதற்காகத்தான். படம் வேறு என்று ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி அப்படியே இருக்கிறது: கதையின் உயிரை ஏன் மாற்றினீர்கள்?

"வெட்டாமல் எடுக்க முடியுமா?" என்பார்கள். முடியாது. கல்கியின் நாவலின் ஐந்து பாகங்களை ஏறக்குறைய ஐந்தரை மணித்தியாலத்துக்குள் அடக்குபவர் வெட்டத்தான் வேண்டும், விவரமுள்ள எந்த வாசகரும் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டார். ஆனால் வெட்டியதைச் சொல்லாமல் விடுவது வேறு. ரால்ஃப் பக்ஷி 1978இல் எடுத்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' அனிமேஷன் படம் கதையின் நடுவிலேயே முடிந்துவிட்டது. இது முதற்பகுதி மட்டுமே என்று தலைப்பில் போடாமல் வெளியிட்டார்கள். அது முழுக்கதை என்று நம்பிப் போனவர்கள் ஏமாந்ததில் பிடிவாதம் எங்கே இருக்கிறது?

மூன்றாவது வாதம் எங்கள் மண்ணைத் தொடுகிறது. "எங்கே எடுத்தால் என்ன, காடு காடுதானே." கல்கியின் நாவலில் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' பெரும்பாலும் ஈழத்தில் நடக்கிறது. அநுராதபுரத்திலிருந்து தொண்டைமானாற்று முகத்துவாரம் வரை சோழ இளவரசர் அருண்மொழிவர்மரோடு நாமும் வடக்கே வருகிறோம். அந்த வழியிலே வன்னிக் காடும் ஆனையிறவும் கிடக்கின்றன. படத்தின் ஈழக் காட்சிகளோ பெரும்பாலும் தாய்லாந்தில் எடுக்கப்பட்டவை. அங்கே பச்சை சொட்டும் காடு. எங்களுடையதோ பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் வரண்ட காடு. சோளகக் காலத்தில் ஆனையிறவில் இறங்கி நின்று பாருங்கள். நீரேரி வற்றிய இடமெல்லாம் உப்பு வெள்ளையாய்ப் படிந்திருக்கும், ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்க முடியாமல் பிள்ளைகள் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். அந்த வெளியில் 1991இலும் 2000இலும் நடந்த சண்டைகளை அறிந்தவர்களுக்கு ஆனையிறவு வெறும் ஊர்ப்பெயர் அல்ல. செலவும் அனுமதியும் படக்குழுவுக்குத் தடையாக இருந்திருக்கலாம், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் கல்கி தன் ஓவியர் மணியத்தையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்து பார்த்து எழுதியவர். அவர் கண்ட நிலம் திரையில் இல்லையே என்று இங்குள்ள வாசகர் கேட்டால் அதைப் பிடிவாதம் என்று தள்ள யாருக்கும் உரிமை இல்லை.

கடைசி நியாயம்தான் எனக்கு அதிகம் வலிப்பது. "படம் பார்த்தவர்கள் எப்படியும் புத்தகத்தைத் தேடிப் படிப்பார்கள், பிறகேன் கவலை?" தேடினால் கிடைக்க வேண்டுமே. வாராவாரம் வந்த கல்கித் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து, கோதுமை மாப் பசையில் மட்டை ஒட்டிக் காப்பாற்றியவர்கள் எங்கள் பெரியவர்கள். மணியம் வரைந்த நந்தினியும் வந்தியத்தேவனும் அந்தக் கட்டுகளில்தான் எங்களுக்கு அறிமுகம். 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த சனம் அரிசியையும் தறப்பாளையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியது, புத்தகக் கட்டுகள் வழி நெடுக விடப்பட்டன. அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் படம்தான் முதற்பிரதி, சிலருக்கு அதுவே ஒரே பிரதி. புத்தகம் பக்கத்தில் இருக்கும் ஊரில் படம் தவறினால் திருத்திக்கொள்ளலாம். இங்கே தவறே கதையாகிவிடும்.

நடிகரையும் இயக்குநரையும் ஏசித் தீர்ப்பதை நான் முறைப்பாடு என்று எண்ணவில்லை. அதை ஒதுக்குங்கள், தாராளமாக.

நாளை யாராவது கல்கியின் கதைகளை அனிமேஷனாக எடுக்க வந்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'பிரின்சஸ் மொனொனொக்கே' படத்துக்காக ஜிப்லியின் ஓவியர்கள் யாக்குஷிமா தீவின் காட்டுக்கே போய்ப் பார்த்து வரைந்தார்கள். நீங்களும் வன்னிக்கு வாருங்கள். ஆனையிறவையும் பாலை மரத்தையும் நேரில் நின்று வரையுங்கள், வாசித்த பெரியவர்களிடம் கதை கேளுங்கள். அதன் பிறகு எதை வெட்டுவது என்று முடிவெடுங்கள்.