மண்வெட்டி நம்ம கையில். அதிகாரம் யார் கையில்?



"எல்லாத்துக்கும் அரசாங்கத்தையே எதிர்பார்த்தா எப்படி? உங்க ஏரியை நீங்களே பார்த்துக்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

பார்க்காமலா இருந்தோம்? குடிமராமத்து என்று வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கித் தூர்வாரிய வழியில் வந்தவர்கள் நாம். 2017-ல் அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தபோதும், ஆயக்கட்டு விவசாயிகளின் பங்கு 10 சதவீதம் என்றார்கள். பணமாகவும் உழைப்பாகவும் கொடுத்தோம்.

ஆனால் வரத்துக் கால்வாயை மறித்துக் கட்டடம் கட்டினவனை நாம் போய் அகற்ற முடியுமா? கை வச்சா நம்ம மேலதான் வழக்கு! அந்த அதிகாரம் அரசிடம் மட்டும்தான் இருக்கிறது. பொதுப்பணித்துறை ஏரிகளை அளந்து, எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பை எடுக்க 2007-லேயே தனிச்சட்டம் போட்டாச்சு. சட்டம் ஏட்டில் கிடக்கிறது; ஆக்கிரமிப்பு ஏரியில் கிடக்கிறது!

நம்மால் முடிந்ததை நாம் செய்வோம். நம்மால் முடியாததைச் செய்யத்தான் அரசாங்கம். இது நாம் கேட்கும் பிச்சை அல்ல. ஓட்டும் வரியும் கொடுக்கிற நம்ம உரிமை.

அதிகாரிகளே! மண்வெட்டியோடு நாங்க வர்றோம். அளவுச் சங்கிலியோடு நீங்க வாங்க!

ஏரியை மீட்போம்! விவசாயத்தைக் காப்போம்!