மிஸ் இந்தியா - யார் வீட்டுக் கிரீடம்?

எங்கள் கல்லூரியில் முதலாமாண்டு வரவேற்பு விழா வருகிறது. வழக்கம்போல 'மிஸ் ஃப்ரெஷர்' போட்டியும் உண்டு. பெயர் கொடுக்கப் போன என் தோழியிடம் ஒரு சீனியர் அண்ணன், "நீ கோலப்போட்டியில சேர்ந்துக்கோயேன்மா" என்றாராம். தோழி கருப்பு. எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை. "மிஸ் இந்தியாவுக்கே ரூல்ஸ் இருக்குல்ல?" என்று விளக்கம் வேறு! சரி, அந்த ரூல்ஸின் யோக்கியதையைப் பார்த்துவிடுவோமே.

1947-ல் மிஸ் இந்தியா ஆனவர் பிரமிளா என்கிற எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். கல்கத்தா யூதக் குடும்பத்துப் பெண், இந்திப்பட நடிகை, தயாரிப்பாளர். பட்டம் வாங்கும்போதே கல்யாணமாகிக் குழந்தையும் பெற்றவர். (அவர் மகள் நக்கி ஜஹான் 1967-ல் மிஸ் இந்தியா ஆனது தனிக்கதை.) 1952-ல் ஜெயித்த இந்திராணி ரஹ்மான் நம்ம சென்னையில் பிறந்த நாட்டியக் கலைஞர். 15 வயதில் திருமணம். அவரும் அப்போது ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அதே வருடம் கலிபோர்னியாவில் நடந்த முதல் மிஸ் யுனிவர்ஸ் போட்டிக்கும் போய் வந்தார். பிறகுதான் 'கல்யாணம் ஆகாதவர் மட்டும்' என்ற விதி இறுகியது. 2023-லிருந்து மிஸ் யுனிவர்ஸிலேயே தாய்மார்களும் கலந்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. இந்த ரூல்ஸைத்தான் அண்ணன் வேதம் மாதிரி ஒப்பிக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. 1966-ல் இரண்டு மிஸ் இந்தியா! 'ஈவ்ஸ் வீக்லி' பத்திரிகை தேர்ந்தெடுத்தவர் ரீட்டா ஃபாரியா. 'ஃபெமினா' பத்திரிகை தேர்ந்தெடுத்தவர் யாஸ்மின் தாஜி. இதில் எவர் அசல் இந்தியா? ரெண்டும் பத்திரிகைக் கம்பெனிகள் கொடுத்த பட்டம்தான். அரசாங்கமும் கொடுக்கவில்லை, நீங்களும் நானும் ஓட்டுப் போடவும் இல்லை. ஆனால் தோளில் போடுகிற பட்டையில் மட்டும் நாட்டின் பெயர்.

1994-ல் சுஷ்மிதா சென் மிஸ் யுனிவர்ஸ், ஐஸ்வர்யா ராய் மிஸ் வேர்ல்ட். அப்புறம் 97, 99, 2000 என்று வரிசையாகக் கிரீடங்கள். 1991-ல் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு வெளிநாட்டு க்ரீம், ஷாம்பூக்காரர்கள் படையெடுத்து வந்த காலம் அது. இதைச் சதி என்று நான் சொல்ல மாட்டேன், ஜெயித்தவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் 2001 முதல் 2016 வரை அந்த ரெண்டு பட்டங்களில் ஒன்றுகூட வரவில்லையே, அத்தனை வருஷம் நம் நாட்டுப் பெண்கள் அழகு குறைந்தா போனார்கள்? மிஸ் இந்தியா பெயருக்கு முன்னால் 'பாண்ட்ஸ்' என்று ஒட்டிக்கொண்டிருந்த காலமும் உண்டு. விற்கிறவன் கையில் அளவுகோலைக் கொடுத்தால் எந்த நிறத்தை அளப்பான் என்பது தெரிந்ததுதானே. 2019-ல் இறுதிப் போட்டியாளர்கள் 30 பேரின் படங்களையும் ஒரே பக்கத்தில் போட்டார்கள். மாநிலவாரியாக வந்த 30 பேர். பார்த்தவர்களெல்லாம் "எல்லாம் ஒரே பெண்ணா?" என்று கேட்டார்கள். அவ்வளவு ஒரே மாதிரி நிறம், ஒரே மாதிரி முடி.

உடனே என்னைக் கலாச்சாரக் காவலர்களோடு சேர்த்துவிடாதீர்கள். 1996-ல் பெங்களூரில் மிஸ் வேர்ல்ட் நடந்தபோது ரகளை. நீச்சல் உடைச் சுற்றையே சீஷெல்ஸ் தீவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தே போனார். இதற்கெல்லாமா ஓர் உயிர் என்று படிக்கும்போதே பதறுகிறது. அந்தக் கூட்டத்தில் பலருக்குப் பெண் என்ன உடுத்துகிறாள் என்பதுதான் பிரச்சினை. எனக்கு அது பிரச்சினையே இல்லை. 2018-ல் ஜெயித்த திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸுக்காக எங்கள் வீட்டிலும் கை தட்டினோம்.

ரீட்டா ஃபாரியாவை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். பம்பாய் கிராண்ட் மெடிக்கல் காலேஜ் மாணவி. மிஸ் வேர்ல்ட் ஆன முதல் ஆசியப் பெண். சினிமா பக்கமே திரும்பாமல் மறுபடி டாக்டர் படிப்புக்கே போய்விட்டார்!

நேற்று நாங்கள் நாலு பேர் அந்த அண்ணனிடம் போய்த் தோழியின் பெயரை மறுபடி கொடுத்தோம். "முடியாதுன்னா காரணத்தை எழுதிக் கொடுங்கண்ணா" என்றோம். பேனாவை எடுத்தார், வைத்தார். இன்னும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை விழா. கோலப்போட்டிக்கும் அவள் பெயர் கொடுத்திருக்கிறாள், அதில் அவள் கில்லாடி.