போதைப் பொருள்: சட்டபூர்வமாக்கலாமா? யாரும் பேசாத பிரிவு 64ஏ

2025 ஜூனில் நடிகர்கள் ஸ்ரீகாந்த், கிருஷ்ணா இருவரையும் கொக்கைன் வழக்கில் நுங்கம்பாக்கம் போலீஸார் கைது செய்தனர். அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. இப்படி எந்தக் கைது நடந்தாலும் இரண்டு குரல்கள் கேட்கும். ‘பிடிச்சு உள்ளே தள்ளணும்’ என்பது ஒன்று. ‘சட்டபூர்வமாக்கிட்டா கள்ளச்சந்தையே இருக்காதே’ என்பது இன்னொன்று.

இரண்டாவது குரலில் ஒரு குழப்பம் இருக்கிறது. சட்டபூர்வமாக்கினால் கடையிலேயே விற்கலாம். குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவது வேறு: விற்பது குற்றம்தான், ஆனால் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர் ஜெயிலுக்குப் போகமாட்டார். 2001-ல் போர்ச்சுகல் செய்தது இதைத்தான். அங்கே 10 நாள் உபயோகத்துக்கான அளவுக்குள் பிடிபட்டால் கோர்ட் கிடையாது. ஒரு குழு விசாரித்து, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்பும். அமெரிக்காவின் ஒரேகான் மாகாணமும் 2020-ல் வாக்கெடுப்பு மூலம் இதே வழிக்கு வந்தது. தண்டனை போய்விட்டது, சிகிச்சைக்கான பணமோ தாமதமாகத்தான் வந்தது. 2024-ல் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள்.

சரி, இந்தியாவில்? 1985-ம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டப்படி கொக்கைன், ஹெராயின் உபயோகித்தாலே ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தில்தான் 64ஏ பிரிவும் இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், உபயோகித்ததாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கினாலும், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். ‘சிறிய அளவு’ என்பது கொக்கைனுக்கு 2 கிராம், கஞ்சாவுக்கு ஒரு கிலோ. ஆமாம், கிலோதான்!

சட்டபூர்வமானால் கள்ளச்சந்தை ஒழியுமா என்று பார்க்க வெளிநாடு போகவே வேண்டாம். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பதே அரசின் டாஸ்மாக்தான். அப்படியிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பாக்கெட் சாராயம் மலிவு, அவ்வளவுதான். குடியிலிருந்து மீள வழியாவது இருக்கிறதா? மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

ஆக, 64ஏ காகிதத்தைத் தாண்டி வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் சிகிச்சைக்கு இடம் வேண்டும். அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டிடிகே மருத்துவமனை, குடிப்பழக்கத்துக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பு. நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்தே அங்கே சிகிச்சை தருகிறார்கள். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.