ஸ்டான்லியா, விருதுநகரா?

ராஜபாளையத்தில் டீக்கடை வைத்திருக்கும் நண்பரின் மகள், அரசுப் பள்ளியில் படித்து நீட் எழுதினாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுத் தரவரிசையில் நல்ல இடம். இந்த ஒதுக்கீட்டுக்குக் கலந்தாய்வு நேரடியாக, சென்னையில். பெயரைக் கூப்பிடும்போது எங்கெங்கே இடம் மிச்சம் இருக்கிறதோ அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே நின்று யோசிக்க நேரம் இருக்காது. அவள் முறை வரும்போது சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் இருக்கும், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கும் என்பது போன வருடப் பட்டியலிலேயே தெரிந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடையை அடைத்துவிட்டு வந்தார். "எதை எடுக்க அண்ணாச்சி?" அவர் மனசு விருதுநகரில்தான். "ஒன்றரை மணி நேர பஸ்சு. வாரம் ஒருக்கா புள்ள மூஞ்சியப் பாத்துக்கிடலாம்." சென்னை என்றால் பொதிகை ரயிலில் ஒரு ராத்திரி.

ஊரில் மற்றவர்கள் சொன்ன பதில் ஒன்றேதான்: போன வருடம் எந்தக் கல்லூரி அதிக மார்க்கில் முடிந்ததோ அதை எடு. இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. போன வருடத்துப் பிள்ளைகள் அதற்கு முந்தின வருடக் கட்-ஆஃபைப் பார்த்து எடுத்தார்கள். அவர்கள் அதற்கும் முந்தினதைப் பார்த்து. கூட்டம் நிற்கிற கடையில் நாமும் போய் நிற்பது எண்ணெய்ப் புரோட்டாவுக்குச் சரிப்படும். ஐந்தரை வருடப் படிப்புக்குக் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

வேறுபடாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். இரண்டு கல்லூரிக்கும் பட்டம் தருவது ஒரே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். கட்டணத்தை இவளுக்கு அரசே கட்டுகிறது. பி.ஜி. நீட்டில் யாரும் எந்தக் கல்லூரி என்று கேட்டு மார்க் போடுவதில்லை. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே வருடம் நாலு லட்சத்துக்கு மேல் கட்டுகிறவர்களின் கவலை வேறு. அது இங்கே இல்லை.

வேறுபடுவது வார்டு. ஸ்டான்லி 1938இல் கல்லூரியானது. அதன் ஆஸ்பத்திரிக்கு வடசென்னையில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அதைவிடப் பழைய பெயர் உண்டு. துறைமுகம், ஆலை, பட்டறை என்று உழைக்கும் ஜனம் நசுங்கிய கையோடு ஓடிவரும் இடம். டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கட்டி எழுப்பிய கை அறுவைச் சிகிச்சைத் துறைக்கு நாடெங்கும் பெயர். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக மட்டும் வரும் நோயை அங்கே கட்டிலிலேயே பார்த்துவிடலாம்.

பார்க்கலாம்; தொட முடியுமா? வருடத்துக்கு 250 பேர் சேரும் கல்லூரி அது. ஒரு கட்டிலைச் சுற்றிப் பேராசிரியர், அவருக்குப் பக்கத்தில் உதவிப் பேராசிரியர்கள், அடுத்த வளையத்தில் பி.ஜி.க்கள், அப்புறம் ஹவுஸ் சர்ஜன்கள். நம் பிள்ளை குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்க்கும். ஸ்டெதஸ்கோப் வைக்க முறை வருவதற்குள் நோயாளி சட்டைப் பட்டனைப் போட்டுவிடுவார்.

விருதுநகரில் அந்த நெருக்கடி குறைவு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளில் ஒன்று, 150 இடங்கள். பி.ஜி. கூட்டம் மெலிவு என்பதால் தையல் போடுவதும் பிரசவம் பார்ப்பதும் இளையவர் கைக்குச் சீக்கிரம் வரும். பட்டாசுத் தீக்காயம், பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்து வருகிறவர்கள் என்று மாவட்டத்துக்கே உரிய பாடங்களும் வாசலுக்கு வரும். ஆனால் நிலைமை மோசமானால் ஆம்புலன்ஸ் மதுரைக்குத் திரும்பிவிடும். அதற்கு அப்புறம் நடப்பதை மாணவர் பார்ப்பதில்லை.

ஆசிரியர் விஷயத்தில் பெயரை நம்பிப் பிரயோசனம் இல்லை. 2025இல் தேசிய மருத்துவ ஆணையம் குறைகளுக்கு விளக்கம் கேட்டது தமிழ்நாட்டின் 36 அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றிடம். இங்கேதான் எனக்கு எரிச்சல். எந்தத் துறையில் எத்தனை பணியிடம் நிரம்பியிருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை புறநோயாளிகள், மாதம் எத்தனை பிரசவம் என்பதெல்லாம் அரசின் கையில் இருக்கும் கணக்கு. தரவரிசைப் பட்டியலோடு இதையும் கல்லூரிவாரியாக ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் டீக்கடைக்காரர் என்னிடம் வந்து கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு விருதுநகர் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். அதுவரை பேசாமல் இருந்த பெண் கேட்டாள்: "மாமா, அனாட்டமி எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குமாமே. முத வருசம் எனக்குப் புரியலன்னா யாரு சொல்லித் தருவா?"

பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். பேராசிரியரிடம் போய்க் கேட்கும் தைரியம் முதல் வருடத்தில் யாருக்கும் வராது. ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்ட ஒரு அக்கா வேண்டும். அந்த அக்காவும் தமிழில் படித்து, ஒருமுறை தடுக்கி எழுந்தவளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். 250 இடத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 சதவீதம் போக மீதியில் 7.5 சதவீதம் என்றால் வருடத்துக்குச் சுமார் 16 பேர். விருதுநகரில் ஒன்பது, பத்து. அதோடு முதல் அணியே 2022இல் சேர்ந்த கல்லூரியில் சீனியர் என்ற வரிசை இப்போதுதான் நிறைகிறது. ஸ்டான்லியில் அந்தச் சங்கிலி தலைமுறைகளாக அறுபடாமல் வருகிறது: புத்தகம் கைமாறும், நோட்ஸ் கைமாறும், எந்த எக்ஸாமினர் எதைக் கேட்பார் என்பதும் கைமாறும். என் கணக்கில் வார்டு இருந்தது, வார்டு வரை அவள் போய்ச் சேர வேண்டிய முதல் வருடம் இல்லை.

எதை எடுக்க என்ற கேள்வியை, ஆங்கிலத்தில் படித்து, வீட்டில் ஒரு டாக்டரும் இருக்கிற பையன் கேட்டிருந்தால் விருதுநகர் என்றே சொல்லியிருப்பேன். அவனுக்குக் கை பழக வேண்டும். இவளுக்கு முதலில் காலூன்ற வேண்டும்.

நண்பர் பதில் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், போன். பின்னால் ஒரே பஸ் ஹாரன் சத்தம்.

"ஸ்டான்லிதான் எடுத்தா அண்ணாச்சி. பொதிகைல டிக்கெட் கிடைக்கல, பஸ்லதான் வாறோம்."