பனிக்காலத் தீவனமும் பஞ்சாபின் பொதுநிலமும்

தீவனச் செலவைக் குறைக்கும் வழிகளைச் சொல்லும் வேளாண் கையேடுகள் பெரும்பாலும் ஓர் அனுமானத்திலிருந்தே தொடங்குகின்றன: மாடு வைத்திருப்பவருக்கு நிலமும் இருக்கும். பஞ்சாபின் தலித் குடும்பங்களுக்கு இது பொருந்துவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநில மக்களில் 31.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். விளைநிலத்தில் அவர்களின் பங்கோ மிகச் சொற்பம். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், அரசு 'வேளாண் குலங்கள்' என அறிவித்தோருக்கு வெளியே நிலம் கைமாறுவதைத் தடுத்தது. தலித்துகள் அப்பட்டியலில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். கறவை எருமைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ பசுந்தீவனமும் சில கிலோ கோதுமை வைக்கோலும் வேண்டும். வைக்கோல் கிடைப்பது ஏப்ரல், மே மாத அறுவடையில். அப்போதே வாங்கி அடுக்கிவைக்கக் கையில் பணமில்லாதவர், பனிக்காலத்தில் கேட்ட விலை கொடுக்கிறார். கூலியோடு வைக்கோலும் பெற்ற பழைய வழக்கம் அறுவடை இயந்திரங்களின் வருகையால் அருகிவிட்டது. (நம் ஊரில் போர் போட்டுக் காக்கும் நெல் வைக்கோல், அங்கே பெருமளவு வயலிலேயே எரிக்கப்படுகிறது.)

பசுந்தீவனத்துக்குப் பனிக்காலத்தில் பெர்சீம்தான். அக்டோபரையொட்டி விதைத்தால் கோடை தொடங்கும்வரை நான்கைந்து முறை அறுக்கலாம். ஏக்கருக்கு 300 குவிண்டால் என்பது மிகைக் கணக்கன்று. ஓர் எருமைக்கு ஆறு மாதத் தேவை சுமார் 72 குவிண்டால். ஆக, கால் ஏக்கர் போதும்.

அந்தக் கால் ஏக்கர் இல்லாததால்தான் தலித் பெண்கள் பிறர் வயல் வரப்புகளில் புல்லறுக்கச் செல்கிறார்கள். வசையையும் பாலியல் சீண்டலையும் எதிர்கொள்கிறார்கள். கூலி உயர்வு கேட்டால் முதலில் வரும் தண்டனை, வயலில் கால்வைக்கக் கூடாது என்னும் அறிவிப்பு. மறுநாளே மாடு பட்டினி. நிலமில்லாத வீட்டில் மாடுதான் சேமிப்பு என்பதை அறிந்தே அந்த இடத்தில் கைவைக்கிறார்கள்.

இதற்கான தீர்வு சட்டத்திலேயே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் பஞ்சாப் கிராமப் பொதுநிலச் சட்டத்தின் கீழ், குத்தகைக்கு விடப்படும் ஊராட்சிச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் குத்தகை ஏலத்தில் விடப்படுகிறது. நிலவுடைமையாளர் தம்மிடம் வேலைசெய்யும் தலித் ஒருவரின் பெயரில் ஏலமெடுத்துத் தாமே உழுகிறார். 2014இல் சங்கரூர் பகுதியில் உருவான ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி இதைத்தான் எதிர்த்தது. பலத் கலான் கிராமத்தில் தலித்துகள் போராடி அப்பங்கைப் பெற்றுக் கூட்டாகப் பயிரிட்டனர். 2016 அக்டோபரில் ஜலூர் கிராமத்தில் நிலம் கேட்ட தலித்துகள் தாக்கப்பட்டனர். காயமுற்ற முதிய பெண்ணொருவர் பின்னர் உயிரிழந்தார்.

நிலமற்றோருக்கென ஒதுக்கிய நிலத்தை ஏலம் விடுவதே முரண் என்பது எங்கள் கருத்து. ஓராண்டுக் குத்தகையை நம்பி எவரும் கிணறு வெட்டவோ தொழுவம் கட்டவோ முடியாது. நீண்டகாலக் குத்தகை என்னும் கமிட்டியின் கோரிக்கை நியாயமானது.

வழக்குமன்றத்தில் இரண்டு பிரிவுகளைப் பிரித்தறிய வேண்டும். பொதுநிலத்தைச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்.ஏ) பொருந்தும். தனியார் வரப்புக்கு அது பொருந்தாது, எனினும் ஊர்கூடி விதிக்கும் தடை, பிரிவு 3(1)(இசட்.சி) சொல்லும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பாகும். இரண்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தவை. காவல்துறை இவற்றை விட்டுவிட்டு வெறும் வாய்த்தகராறாகப் பதிவுசெய்ய இடங்கொடுக்கக் கூடாது.

ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் முழுமையாக வாசிக்க வேண்டும். கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன அத்தீர்ப்பு, நிலமற்ற உழைப்பாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு அறிவிக்கையின்படி அளித்த குத்தகையை விதிவிலக்காகக் கருத இடமளித்தது. தமிழ்நாட்டிலும் புறம்போக்கு நில வழக்குகளில் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது. விதிவிலக்கைச் சொல்வோர் குறைவு. மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு என்பதை மாணவர்கள் தம் ஊரின் 'அ' பதிவேட்டிலேயே பார்க்கலாம்.

பஞ்சாப் வழக்குகளில் காலமும் முக்கியம். கோடையில் நடக்கும் ஏலத்தை எதிர்த்து மழைக்காலம் முடிவதற்குள் இடைக்கால ஆணை பெறாவிட்டால் பெர்சீம் விதைப்பு தவறிவிடும். அவ்வாண்டுத் தீவனத்துக்கு மறுபடியும் பிறர் வரப்புதான்.